பீலித்தண்ணீர்க் குழாயின் வழுக்கலும் பசுமை நனோ துணிக்கைகளும்: மலையகத்தில் ஆய்வு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மலையூற்றிலிருந்து, லயன் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளுக்குப் பீலித்தண்ணீரைக் கொண்டுவரும் குழாயின் உட்புறத்தையோ, நெடுநாள் கழுவப்படாத பிளாஸ்டிக் தாங்கியின் சுவரையோ விரலால் வழித்தால், நகக்கண்ணில் வழுவழுப்பான ஒரு படை ஒட்டிக்கொண்டு வரும். மேற்பரப்பொன்றில் ஒட்டிக்கொண்ட நுண்ணங்கிகள், தாமே சுரந்த பல்சக்கரைட்டுகளும் புரதங்களும் கலந்த கூழுக்குள் கூட்டமாக வாழும் இந்தப் படையைத்தான் உயிர்ப்படலம் என்கிறோம். இது முதிர்ந்துவிட்டால், தனித்து மிதக்கும் பற்றீரியாவைக் கொல்லும் மருந்தின் அளவைப் போலப் பத்து மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு வரை கொடுத்தாலும் உள்ளிருப்பவை தப்பிக்கொள்ளும். அதனாலேயே படலம் உருவான பின் அழிப்பதைவிட, உருவாகாமல் தடுப்பதில் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியிருக்கிறது. தாவரச் சாறு கொண்டு தயாரிக்கப்படும் நனோ துணிக்கைகள், அதாவது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கான நனோமீற்றரில் அளக்கப்படும் மிக நுண்ணிய துகள்கள், அதற்கான வழிகளுள் ஒன்று.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுத்திருப்பவர்களுக்கும், முதுகலை ஆய்வின் வாசலில் நிற்பவர்களுக்கும் இது எழுதப்படுகிறது. துணிக்கையைத் தயாரிப்பது இந்த வேலையின் மிக எளிய பகுதி. தேயிலைச் சாற்றையும் வெள்ளி நைத்திரேற்றையும் கலக்கத் தெரிந்தவர் எவரும் ஒரு பிற்பகலுக்குள் செய்துவிடுவார். ஆண்டை விழுங்குபவை அனுமதிக் கடிதங்களும், கருவிகளுக்கான காத்திருப்பும், கட்டுப்பாட்டுச் சோதனைகள் இல்லாததால் பயனற்றுப்போகும் பெறுபேறுகளும்தான். ஆகவே கீழேயுள்ள ஒழுங்கை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. கேள்வியை ஒரு வாக்கியத்துக்குள் அடக்குங்கள்

"தாவரச் சாற்று நனோ துணிக்கைகளின் உயிர்ப்படல எதிர்ப்பு" என்பது தலைப்பாகுமே தவிரக் கேள்வியாகாது. எந்தத் துணிக்கை, எந்த நுண்ணங்கி, எந்த மேற்பரப்பு, எந்த வெப்பநிலை என்ற நான்குக்கும் விடை சொல்லும் வாக்கியத்தை எழுதி மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். நான்கில் ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பிடுவதற்கே இறுதியாண்டு ஆய்வின் காலம் போதுமானது.

தடுத்தலும் அழித்தலும் இருவேறு சோதனைகள் என்பதையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். தடுத்தலில் துணிக்கையும் பற்றீரியாவும் தொடக்கத்திலேயே ஒன்றாக இடப்படும். அழித்தலில் படலம் 24 அல்லது 48 மணித்தியாலம் வளர்ந்த பிறகே துணிக்கை சேர்க்கப்படும். முதலாவதைச் செய்துவிட்டு முடிவுரையில் இரண்டாவதைப் பற்றிப் பேசும் அறிக்கைகள் பல உண்டு. வாய்மொழிப் பரீட்சையில் முதலில் பிடிபடும் இடமும் அதுவே.

2. பொருளைத் தெரிவுசெய்தல்

வெள்ளி, நாக ஒட்சைட்டு, கைற்றோசன் ஆகிய மூன்றும் புதியவர் கைக்கு எட்டுபவை. வெள்ளி விரைவாக உருவாகும், சிறிய செறிவிலேயே வேலைசெய்யும். ஆனால் நீர்வாழ் உயிரினங்களுக்கு நஞ்சு. நாக ஒட்சைட்டு விலை குறைவு. ஆனால் தாவரச் சாற்று முறையில் தயாரிக்கும்போது பெரும்பாலும் உயர் வெப்பநிலையில் சுட வேண்டியிருப்பதால் உலை தேவைப்படும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைற்றோசன் இயற்கையில் சிதைந்துவிடும். அதை நீர்த்த அசற்றிக் அமிலத்தில் கரைத்து, சோடியம் திரிபொலிபொஸ்பேற்றுக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்தால் துணிக்கை கிடைக்கும். நடுநிலையான நீரில் அதன் ஏற்றமும் கிருமியெதிர்ப்பும் குறைந்துவிடுவதுதான் சிக்கல்.

தாழ்த்தும் கருவியாக சோடியம் போரோஐதரைட்டுக்குப் பதிலாக இலைச்சாற்றைப் பயன்படுத்தினோம் என்பதற்காக மட்டும் ஒரு பொருள் சூழலுக்கு உகந்ததாகிவிடாது. தயாரிப்பு முறை பசுமையானது, விளைபொருளும் பசுமையானதா என்பது தனியே விடைகாண வேண்டிய கேள்வி. வெள்ளியைத் தெரிவுசெய்பவர் தமது மேற்பரப்பிலிருந்து எவ்வளவு வெள்ளி நீருக்குள் கசிகிறது என்பதையும் அளந்து காட்ட வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் கைற்றோசனுக்கு மாறிக்கொள்வதே நேர்மையானது என்பது என் கருத்து.

இனிவரும் படிகள் தேயிலைச் சாற்று வெள்ளித் துணிக்கையை வைத்தே விளக்கப்படுகின்றன. நமது மண்ணில் தேடாமலே கிடைக்கும் இலை அது. அதிலுள்ள கற்றெக்கின்கள் எனும் பொலிபீனோல் சேர்வைகள் வெள்ளி அயனை உலோகமாகத் தாழ்த்தி, உருவான துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கின்றன.

3. ஆவணங்கள்

ஆய்வுகூடத்துக்குள் கால் வைப்பதற்கு முன் முடிக்க வேண்டியது இந்தப் பகுதி. எல்லாக் கடிதங்களுக்கும் அடித்தளம் மேற்பார்வையாளரின் கையொப்பமும் துறைத் தலைவரின் முத்திரையும் கொண்ட அறிமுகக் கடிதம். அதை ஒரே தடவையில் பல பிரதிகளாகப் பெற்று, உங்கள் பதிவெண், ஆய்வுத் தலைப்பு, ஆய்வுக்காலத்தின் தொடக்கமும் முடிவும் அதில் இருப்பதை உறுதிப்படுத்துங்கள். முடிவுத் திகதி இல்லாத கடிதத்தைப் பல அலுவலகங்கள் திருப்பி அனுப்பிவிடும்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கவும், பீலியிலோ தாங்கியிலோ நீர் மாதிரி எடுக்கவும் முகாமையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். தோட்டம் பெருந்தோட்டக் கம்பனியொன்றின் கீழ் இருந்தால், "கொழும்புத் தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்ற பதிலை எதிர்பாருங்கள். அதற்கே சில வாரங்கள் போகும். குடிநீரைப் பற்றிய ஆய்வு என்றதும் நிர்வாகம் தயங்குவதும் இயல்புதான். மாதிரி எடுக்கும் இடத்தின் பெயர் அறிக்கையில் வராது என்று கடிதத்திலேயே எழுதிக் கொடுத்தால் பாதித் தயக்கம் தீரும். தோட்டத் தலைவரிடமும் லயத்து மக்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெள்ளை அங்கியோடு போய்த் தாங்கிக்குள் போத்தலை இறக்கினால், தண்ணீரில் நஞ்சு இருப்பதாக மாலைக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

காட்டுத் தாவரத்தின் மேல் ஆசை வைத்தால் வழி நீளும். ஒதுக்கக் காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களமும், ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களுக்கு வனசீவராசிகள் திணைக்களமும் ஆய்வு அனுமதி வழங்க வேண்டும். ஓராண்டு ஆய்வுக்குத் தேயிலை, வல்லாரை, கொய்யா போன்ற பயிர்களே ஏற்றவை.

எந்த இலையாயினும் தாவர அடையாளச் சான்று தேவை. ஆய்விதழ்கள் கட்டாயம் கேட்கும். பேராதனை அரச தாவரவியல் பூங்கா வளாகத்திலுள்ள தேசிய உலர்தாவரகத்தில் இதற்காக மாதிரியை ஒப்படைக்கலாம். பூவோ காயோ உள்ள கிளையைத் தெரிந்தெடுத்து, பத்திரிகைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, சேகரித்த இடம், உயரம், திகதி ஆகியவற்றை எழுதிக் கொண்டுசெல்லுங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் ஹட்டன் பக்கத்தில் தாளை நாளுக்கொரு முறை மாற்றாவிட்டால், உலரும் கிளையில் பூஞ்சணம் பிடித்துவிடும். தேயிலையென்றால் இனப்பெயர் மட்டும் போதாது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் (டிஆர்ஐ) வெளியிட்ட டிஆர்ஐ 2025 போன்ற வர்க்கங்களுள் எது என்பதைத் தோட்டத்துக் களப் பதிவேட்டிலிருந்து கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வர்க்கத்துக்கு வர்க்கம் பொலிபீனோல் அளவு மாறுவதால், துணிக்கையின் பருமனும் மாறக்கூடும்.

நுண்ணங்கி விடயத்தில், ஏடிசிசி 25923 எனும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ், ஏடிசிசி 27853 எனும் சூடோமோனஸ் எரூஜினோசா போன்ற நியமக் குலவகைகளைப் (ஏடிசிசி என்பது அவற்றை வழங்கும் அமெரிக்கச் சேகரிப்பகம்) பயன்படுத்தினால் வேலை இலகு. நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த பற்றீரியாவென்றால் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழு கூடும் திகதிகள் முன்னரே குறிக்கப்பட்டவை. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருப்புத்தான். குலவகையை வேறு நிறுவனத்திலிருந்து பெறும்போது, துறைத் தலைவரின் கடிதத்தோடு, கசியாத மூன்றடுக்குப் பொதியில் கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள். பதுளை பஸ்ஸில் சாப்பாட்டுப் பையோடு சேர்த்துக் கொண்டுவரும் பொருளல்ல அது.

4. செலவைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

எவ்வளவு துணிக்கை வேண்டும் என்று தெரியாமல் எவ்வளவு பணம் வேண்டும் என்று சொல்ல முடியாது. கணக்கு இதுதான்: வெள்ளி நைத்திரேற்றின் மூலர்த் திணிவு ஏறத்தாழ 170 கிராம். 1 மில்லிமூலர்க் கரைசல் 100 மில்லிலீற்றருக்கு 0.017 கிராம் போதும். ஆனால் அந்த 100 மில்லிலீற்றரில் இருக்கும் வெள்ளி 10.8 மில்லிகிராம் மட்டுமே. கழுவும்போது இழப்பதையும் சேர்த்தால் கையில் மிஞ்சுவது அதிலும் குறைவு. துணிக்கையின் பளிங்கமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் கோணல் சோதனைக்கு நூறு மில்லிகிராம் அளவு தூள் கேட்பார்கள். அகச்சிவப்பு நிறமாலைக்குச் சில மில்லிகிராம். உயிரியல் சோதனைகளுக்கு இன்னும் சில பத்து மில்லிகிராம். ஆக, மொத்தம் 3 லீற்றர் கரைசலாவது தயாரிக்க வேண்டிவரும்.

3 லீற்றருக்கு வேண்டிய வெள்ளி நைத்திரேற்று அரைக் கிராம்தான். 25 கிராம் போத்தல் ஒன்று ஒரு தொகுதி மாணவர்களுக்கே போதும் என்பதால், தனியே வாங்காமல் பங்கிட்டுக்கொள்ளுங்கள். விலைமனுக் கோரும்போது ஐந்து விடயங்களைப் பாருங்கள்: தூய்மைத் தரம், பகுப்பாய்வுச் சான்றிதழ், காலாவதித் திகதி, 18 வீத வற் வரி உள்ளடக்கப்பட்டதா என்பது, அந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லுபடியாகும் என்பது. ரூபாயின் பெறுமதி ஆட்டங்காணும் காலங்களில், விலைமனுவின் ஆயுளைவிடப் பல்கலைக்கழகக் கொள்வனவுக் கோப்பின் பயணம் நீண்டதாக இருக்கும். எங்களுக்குப் பொருள் தந்த விநியோகத்தர் ஒருவர், சான்றிதழை "பிறகு அனுப்புகிறோம்" என்று சொல்லி இறுதிவரை அனுப்பவேயில்லை. சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே பொருளை ஏற்றதாகக் கையொப்பமிடுங்கள்.

உண்மையான செலவு கருவிகளில்தான். புறஊதா–கட்புல நிறமாலைமானி பெரும்பாலும் துறையிலேயே இருக்கும். எக்ஸ்-கதிர் கோணல், அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டி, ஊடுருவும் இலத்திரன் நுணுக்குக்காட்டி ஆகியவற்றுக்கு மாதிரிக்கு இவ்வளவு என்றோ மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்றோ கட்டணம் அறவிடுவார்கள். அரச பல்கலைக்கழக மாணவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தாமாகச் சொல்வதில்லை. கண்டி ஹந்தானை வீதியிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தையும், பேராதனையின் பிற பீடங்களையும் விசாரித்த பின்னர், ஹோமாகமையில் இருக்கும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகுவது போக்குவரத்துச் செலவைக் குறைக்கும். மிகச் சிறந்த ஒரு மாதிரியை மட்டும் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு அனுப்புங்கள். மற்றவற்றை நிறமாலையைக் கொண்டு வடிகட்டிவிடலாம்.

5. கால ஒழுங்கு

கடிதங்களுக்கும் விலைமனுக்களுக்கும் முதல் இரண்டு மாதங்களை ஒதுக்குங்கள். அந்தக் காத்திருப்பின்போதே சாறு தயாரித்தல், பற்றீரியாவை வளர்த்தல், படலத்துக்கு நிறமேற்றி அளக்கும் சாயச் சோதனையைத் துணிக்கையின்றிப் பழகுதல் ஆகியவற்றைத் தொடங்கிவிடலாம். உயிர்ப்படலச் சோதனை கைப்பழக்கத்தால் திருந்துவது. துணிக்கை கிடைத்த பிறகு பழகத் தொடங்கினால் கிடைத்த துணிக்கை பயிற்சியிலேயே தீர்ந்துவிடும்.

கருவிக்குத் திகதி கிடைத்த பிறகே இறுதித் துணிக்கைத் தொகுதியைத் தயாரியுங்கள். நீரில் தொங்கும் வெள்ளித் துணிக்கைகள் நாட்பட ஒன்றுசேர்ந்து பருமனாகும், சிறிது சிறிதாக அயனாகக் கரையவும் செய்யும். மூன்று மாதம் பழைய தொகுதியைப் படம்பிடித்து, புதிய தொகுதியில் உயிரியல் சோதனை செய்தால், இரண்டும் வேறு வேறு பொருள்கள்.

முழு ஆய்வுக்கும் வேண்டிய கொழுந்தை ஒரே நாளில், ஒரே மலையில் பறித்து, நிழலில் உலர்த்தி, தூளாக்கி, காற்றுப்புகாத போத்தலில் இருளில் வையுங்கள். தென்மேற்குப் பருவமழையில் நனைந்த நுவரெலியாக் கொழுந்தும், ஜூலை–ஆகஸ்ட் வறள்காற்றில் வளர்ந்த ஊவாக் கொழுந்தும் ஒரே சாற்றைத் தருவதில்லை. பல்கலைக்கழக விடுமுறை, வேலைநிறுத்தம், மின்தடை ஆகியவற்றுக்கென்று அட்டவணையில் ஒரு மாதத்தை வெறுமையாக விட்டுவையுங்கள். பற்றீரியாவை வளர்க்கும் அடைகாப்பான் மின்பிறப்பாக்கி இணைப்பில் இருக்கிறதா என்பதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டறிவதும் இந்தக் கட்டத்தின் வேலையே.

6. சாறும் துணிக்கையும்

உலர்ந்த இலைத்தூள் 5 கிராமை 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் இட்டு, 60 முதல் 80 பாகை செல்சியசில் 20 நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு, வடிதாளில் வடியுங்கள். சாற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்துங்கள். பிறகு ஒரு பங்கு சாற்றுக்கு ஒன்பது பங்கு என்ற அளவில் 1 மில்லிமூலர் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை எடுத்து, அலுமினியத் தாள் சுற்றிய குடுவையில், சாற்றைத் துளித்துளியாகச் சேர்த்துக் கலக்குங்கள். வெளிர் மஞ்சள் கரைசல் சிறிது நேரத்தில் தேன் நிறமாகி, பின்னர் கடுங்கபிலமாகும்.

"அறை வெப்பநிலையில்" என்று ஆய்விதழில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சென்னையிலோ கொழும்பிலோ 30 பாகையில் நடந்த தாக்கம், 16 பாகை கொண்ட நுவரெலியா அறையில் மந்தமாகும். நீர்த்தொட்டியை 60 பாகையில் வைத்து, அந்த எண்ணையே உங்கள் முறையில் எழுதுங்கள். வெயிலில் வைத்துச் செய்யும் முறைகளும் உண்டு. மூடுபனி எப்போது விலகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாத ஊரில் அவை சரிவராது.

இந்தக் கட்டத்தின் பொறிகள் பெரும்பாலும் குளோரைட்டால் வருபவை. குழாய்நீரில் குடுவையைக் கழுவி அப்படியே பயன்படுத்தினால், வெள்ளிக் குளோரைட்டு வெண்மையாகக் கலங்கும். காரத்தன்மையைக் குறைக்க ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தாலும் அதுவே நடக்கும். நீர்த்த நைத்திரிக் அமிலத்தைப் பயன்படுத்துங்கள். கூட்ட வேண்டுமானால், நீர்த்த சோடியம் ஐதரொட்சைட்டைச் சாற்றிலேயே முதலில் சேர்த்துச் சரிசெய்யுங்கள். வெள்ளிக் கரைசலில் நேரே சேர்த்தால் உருவாகும் கபில நிற வெள்ளி ஒட்சைட்டு, துணிக்கைதான் உருவாகிவிட்டது என்று கண்ணை ஏமாற்றும். அமோனியாவை மட்டும் எக்காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள்: அமோனியாவோடு வெள்ளிக் கரைசலைச் சேமித்து வைத்தால் வெடிக்கும் தன்மையுள்ள பொருள் படியக்கூடும்.

மையநீக்கியில் நிமிடத்துக்கு 10,000 முதல் 12,000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்ததைக் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை கழுவுங்கள். ஒரு தடவைக்கு 300 மில்லிலீற்றர் மட்டும் கொள்ளும் மையநீக்கியில் 3 லீற்றரைப் பிரிக்கப் பத்துத் தடவை சுழற்ற வேண்டும், கழுவுதல் அதற்கு மேலதிகம். எனவே மையநீக்கியை அரைநாளுக்கல்ல, முழுநாளுக்குப் பதிவுசெய்யுங்கள்.

7. உருவானது வெள்ளிதானா?

நிறமாற்றம் மட்டும் சான்றாகாது. தேயிலைச் சாறு காற்றுப்பட்டாலே கறுத்துப்போகும். வெள்ளி சேர்க்காத சாற்றை அதே அளவு நீரில் கலந்து அருகிலேயே வைத்து, இரண்டின் நிறமாலையையும் ஒன்றாக எடுங்கள். 400 முதல் 450 நனோமீற்றருக்குள் வெள்ளிக்கலவையில் மட்டும் மேடு தோன்ற வேண்டும். மேடு அகன்று நீண்ட அலைநீளத்தின் பக்கம் சரிந்திருந்தால், துணிக்கைகள் திரண்டிருக்கின்றன. சாற்றை ஐதாக்கி மீண்டும் முயலுங்கள். எக்ஸ்-கதிர் கோணலில் 38.1, 44.3, 64.4, 77.4 பாகைகளை அண்டி வெள்ளியின் உச்சிகள் வரும். 27.8, 32.2, 46.2 பாகைகளை அண்டி உச்சிகள் தெரிந்தால் அது வெள்ளிக் குளோரைட்டு. அவற்றை மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

8. உயிர்ப்படலத் தடுப்புச் சோதனை

கிருமியழித்தலில் மலையகத்துக்கே உரிய ஒரு கவனம் தேவை. உயரமுக்க நீராவியால் கிருமியழிக்கும் ஒட்டோகிளேவின் அமுக்கமானி காட்டுவது வெளிக்காற்றமுக்கத்துக்கு மேலான அளவு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே வெளிக்காற்றமுக்கம் குறைவு. மானி சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் காட்டினாலும் உள்ளே 118 பாகையளவே இருக்கும். 121 பாகையை எட்ட ஏறத்தாழ 18 இறாத்தல் வேண்டும். வெப்பமானி உள்ள கருவியென்றால் வெப்பநிலையை நம்புங்கள். மானி மட்டுமுள்ள பழைய கருவியென்றால், அதன் பாதுகாப்பு எல்லையைக் கேட்டறிந்து, தேவைப்பட்டால் நேரத்தைக் கூட்டி, உயிர்க்காட்டி (வெப்பம் தாங்கும் பற்றீரிய வித்திகள் கொண்ட சோதனைப் பொருள்) கொண்டு சரிபாருங்கள். கண்டியில் இந்த வித்தியாசம் சிறியது.

முதலில் துணிக்கையின் ஆகக்குறைந்த வளர்ச்சித் தடைச் செறிவைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழான செறிவுகளிலும் படலம் குறைந்தால்தான், பற்றீரியாவைக் கொல்லாமலே ஒட்டுதலைத் தடுக்கிறது என்று சொல்ல இடமுண்டு. கொன்றுவிட்டுப் படலம் இல்லை என்பது பெரிய கண்டுபிடிப்பல்ல.

தட்டையான அடியுள்ள 96 குழித் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரக் குழிகளில் நீர் விரைவில் ஆவியாவதால் அவற்றில் கிருமியழித்த நீரை நிரப்பி விட்டுவிடுங்கள். நடுவில் மிஞ்சுவது பத்து நிரல், ஆறு வரிசை, ஆக 60 குழிகள். ஆறு நிரல்களுக்குத் துணிக்கையின் ஆறு செறிவுகள், ஏழாவதில் இலைச்சாறு மட்டும், எட்டாவதில் அதே அளவு வெள்ளியைக் கொண்ட வெள்ளி நைத்திரேற்று, ஒன்பதாவதில் தெரிந்த நுண்ணுயிர்கொல்லி, பத்தாவதில் எதுவுமில்லை. மேல் நான்கு வரிசைகளில் பற்றீரியா உண்டு, கீழ் இரண்டில் இல்லை. கீழ் வரிசைகளை வீண் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்: கபில நிறத் துணிக்கை குழியின் அடியில் ஒட்டி, சாயமில்லாமலே ஒளியை உறிஞ்சும், அதைக் கழிக்க வேறு வழியில்லை. ஏழாவதும் எட்டாவதும் இல்லாவிட்டால், வேலைசெய்தது துணிக்கையா, கற்றெக்கினா, கரைந்த வெள்ளி அயனா என்று எவராலும் சொல்ல முடியாது. இந்த வழிகாட்டியில் ஒரேயொரு பந்தியைத்தான் நினைவில் வைக்க முடியுமென்றால், இதை வையுங்கள்.

இரவு முழுவதும் வளர்ந்த பற்றீரியாவைப் புதிய ஊடகத்தில் நூறில் ஒரு பங்காக ஐதாக்கி, குழிக்கு 100 மைக்ரோலீற்றர் வீதம் இட்டு, துணிக்கைக் கரைசல் 100 மைக்ரோலீற்றர் சேர்த்து, ஆட்டாமல் 24 மணித்தியாலம் வையுங்கள். செறிவு பாதியாகிவிடுவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவுவதற்கு முன் 600 நனோமீற்றரில் வளர்ச்சியை அளந்துவிடுங்கள். பின்னர் திரவத்தை அகற்றி, பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலால் மூன்று முறை கழுவி, உலரவிட்டு, 0.1 வீதக் கிறிஸ்டல் வயலெட் சாயத்தை 15 நிமிடம் வைத்து, மீண்டும் கழுவி, 30 வீத அசற்றிக் அமிலத்தில் கரைத்து, 570 முதல் 595 நனோமீற்றருக்குள் ஓர் அலைநீளத்தில் அளவிடுங்கள். கழுவுதல்தான் முழுச் சோதனையின் உயிர். பிபெட்டின் முனை அடியைத் தொட்டால் படலம் பாளமாகக் கிளம்பி வந்துவிடும். அந்தக் குழி மிகச் சிறந்த தடுப்பைக் காட்டுவதாகத் தோன்றும். முனையைச் சுவரோடு சாய்த்து மெதுவாக விடுங்கள்.

நான்கு வரிசைகளைக் கொண்டு நான்கு தடவை செய்ததாகக் கணக்குக் காட்டாதீர்கள். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வளர்ப்பிலிருந்து மூன்று தடவை செய்தால்தான் மூன்று. கிறிஸ்டல் வயலெட் இறந்த கலங்களையும் கூழையும் சேர்த்தே நிறமேற்றும் என்பதால், தெரிந்தெடுத்த இரண்டு செறிவுகளிலாவது படலத்தைச் சுரண்டி, உயிருள்ள கலங்களைத் தட்டில் எண்ணிப் பாருங்கள்.

குடிநீர்த் தாங்கியை முன்வைத்து எழுதுபவர், 37 பாகையில் செழிப்பான ஊடகத்தில் கண்ட பெறுபேற்றோடு நின்றுவிட முடியாது. 20 பாகையளவில், சத்துக் குறைந்த ஊடகத்திலும் செய்து காட்ட வேண்டும். இதில் மலையகத்துக்கு ஒரு சலுகை: கொழும்பில் குளிரூட்டும் வசதியுள்ள அடைகாப்பான் இல்லாமல் நடக்காத சோதனையை, நுவரெலியாவில் சாதாரண அடைகாப்பானிலேயே செய்துவிடலாம்.

9. மேற்பரப்பில் சோதித்தல்

நேரமிருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள். குழாய்க்குப் பயன்படும் பீ.வீ.சி.யை ஒரு சதுர சென்ரிமீற்றர்த் துண்டுகளாக வெட்டி, எதனோலால் துடைத்து, துணிக்கை கலந்த கைற்றோசன் கரைசலில் தோய்த்து உலர்த்தினால் மெல்லிய பூச்சு கிடைக்கும். பூச்சிடாத துண்டும், கைற்றோசன் மட்டும் பூசிய துண்டும் கட்டாயம் உடனிருக்க வேண்டும். துண்டுகளைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, குறித்த நாட்களில் அந்த நீரின் வெள்ளி அளவை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் பாருங்கள். குடிநீரில் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் வரையான வெள்ளியைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. உங்கள் எண் அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை எழுதுங்கள்.

பெறுபேறு எவ்வளவு நன்றாக வந்தாலும், மக்கள் குடிக்கும் தாங்கியில் பூசிப் பார்க்கும் எண்ணம் வேண்டாம். "தம்பி, எங்கள் லயத்துத் தாங்கிக்கும் கொஞ்சம் அடித்துவிடுங்களேன்" என்று அன்போடு கேட்பார்கள். தாங்கியை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவிக் குளோரின் இடுவதுதான் இன்றைக்கு அவர்களுக்குச் சொல்லக்கூடிய வழி.

10. கழிவும் கையும்

வெள்ளி நைத்திரேற்று தோலில் பட்டால் கறுத்த கறை பல நாள் நிற்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். உலர்ந்த துணிக்கைத் தூளைத் திறந்த மேசையில் கையாளாமல், புகைபோக்கிப் பெட்டிக்குள் முகக்கவசத்தோடு நிறுத்தெடுங்கள்.

பேராதனை வளாகத்தைத் தொட்டுக்கொண்டு மகாவலி ஓடுகிறது. மலையகத்துக் கழுவுதொட்டிகள் பலவற்றின் நீரும் ஏதோவோர் ஓடை வழியாக ஆற்றுக்கே போய்ச் சேரும். வெள்ளி கலந்த எந்தத் திரவத்தையும், கழுவிய நீரையும்கூட, தொட்டியில் ஊற்றாமல் தனிக் கலனில் சேருங்கள். அதில் உப்புக் கரைசலைச் சேர்த்தால் கரைந்த வெள்ளி குளோரைட்டாகப் படியும். தெளிந்த நீரையும் படிவையும் பிரித்து, படிவைக் கனவுலோகக் கழிவாக ஒப்படைக்கலாம். பற்றீரியா பட்ட தட்டுகளை ஒட்டோகிளேவில் இட்ட பிறகே அகற்ற வேண்டும். கலனின் மேல் பொருளின் பெயர், தொடங்கிய திகதி, உங்கள் பதிவெண், மேற்பார்வையாளரின் பெயர் நான்கையும் அழியாத மையால் எழுதி, விடுமுறைக்கு வீடு செல்லும் முன் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கையளித்து, பதிவேட்டில் அவருடைய கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுகூட விடுவிப்புப் படிவத்தில் கையொப்பமிடும் நாளில் முதலில் கேட்கப்படுவது அந்தப் பக்கம்தான்.